ஹவாயின் ஜூன் 11 ஊர்வலம்: ராஜா இல்லாத ஊரில் ராஜாவுக்கு விழா

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: "ஹவாயில் ஜூன் மாதம் கமேஹமேஹா என்ற பழைய ராஜாவின் சிலைக்கு நீள நீளமாக மாலை போட்டுக் குதிரை ஊர்வலம் விடுகிறார்கள். அமெரிக்க மாநிலத்தில் ராஜாவுக்கு எதற்கு விழா? சுற்றுலாக்காரர்களுக்காகப் பிற்பாடு கிளப்பிவிட்டதுதானே? குடும்பத்தோடு போகிறோம், பார்க்கத் தகுந்ததா?" மூன்று கேள்விகள் மாதிரித் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். இது அந்த ஊர்க்காரர்களுடைய விழாவா, நமக்காகப் போட்ட வேஷமா? அதற்குப் பதில் சொல்லிவிட்டால் போகலாமா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பசிபிக் வரலாறு படித்துவிட்டு ஹவாயின் தலைநகர் ஹோனலூலுவில் பல வருடங்களாக இருப்பவன் நான். ஊர்வல நாளில் தெருவோரத்தில் தன்னார்வலராக நிற்பவன். ஆனால் ஹவாய் பூர்வகுடி இல்லை. வரலாறு, ஊர்வலம் நடக்கும் விதம் இவற்றை எழுதலாம். சிலை முன்னால் அவர்கள் ஓதுவதன் உட்பொருளை அவர்கள்தான் சொல்ல வேண்டும், அதில் நான் கை வைக்கப் போவதில்லை.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். இந்த விழாவைத் தொடங்கியது சுற்றுலாத் துறையும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. ஹவாய் தனி நாடாக இருந்தபோது அதன் ராஜாவே போட்ட ஆணை அது. ஐந்தாம் கமேஹமேஹா 1871 டிசம்பர் 22 அன்று, தீவுகளை ஒன்றாக்கிய தன் தாத்தா முதலாம் கமேஹமேஹாவின் நினைவாக ஒரு பொது விடுமுறையை அறிவித்தார். முதல் விழா 1872 ஜூன் 11 அன்று நடந்தது. அவர் பார்த்ததும் அந்த ஒன்றைத்தான். அதே வருடம் டிசம்பர் 11, அவருடைய 42ஆவது பிறந்தநாள் அன்றே இறந்துபோனார். பிள்ளையில்லை, வாரிசு யார் என்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அவரோடு அந்த வம்சத்தின் ஆட்சி முடிந்தது, விடுமுறை மட்டும் நின்றது.

ஜூன் 11 தாத்தாவின் பிறந்தநாளா என்றால், இல்லை. இங்கேதான் உறுதியானதையும் கேள்விப்பட்டதையும் பிரித்துவைக்க வேண்டும். பேரனின் பிறந்தநாளான டிசம்பர் 11ஐக் கொண்டாட ஆசைப்பட்டார்கள், அவர் அதைத் தாத்தாவின் பெயருக்கு மாற்றினார், டிசம்பர் மழைக்காலம் என்பதால் தேதியைச் சரியாக ஆறு மாதம் தள்ளி வெயில் காலத்தில் வைத்தார்கள் என்று வழக்கமாகச் சொல்வார்கள். தேதிகள் அச்சாகப் பொருந்துகின்றன, அதனால் நம்பத் தோன்றுகிறது. ஆனால் அதை ஆணையின் வாசகம் போல எடுத்துக்கொள்ளாதீர்கள். தாத்தா எந்த வருடம் பிறந்தார் என்பதிலேயே ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. அவர் பிறந்த சமயம் வானில் புது நட்சத்திரம் ஒன்று தெரிந்ததாக வாய்மொழிக் கதை உண்டு. அது ஹாலி வால்நட்சத்திரம்தான் என்று வைத்துக்கொண்டு 1758 என்பவர்கள் பலர், அதற்கு இருபது வருடம் முன்னால் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். இறந்த வருடத்தில் குழப்பமில்லை. 1819 மே மாதம், கைலுவா-கோனா. எலும்புகளை யாருக்கும் தெரியாத இடத்தில் ஒளித்துவைத்தார்கள். அவரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வானத்து நட்சத்திரங்களுக்குத்தான் தெரியும் என்பது அங்கே வழங்கும் பேச்சு. போய் மாலை வைக்க ஒரு சமாதி கிடையாது. அப்படியிருக்க மாலையெல்லாம் சிலைக்குப் போவதில் ஆச்சரியமில்லை என்பது என் கணிப்பு.

அடுத்தது, ராஜாங்கம் போன பிறகும் விழா ஏன் போகவில்லை என்பது. 1893 ஜனவரி 17 அன்று லிலியுவோகலானி ராணியை வெள்ளைக்கார வியாபாரிகளும் தோட்ட முதலாளிகளும் சேர்ந்து ஆட்சியிலிருந்து இறக்கினார்கள். 1898இல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஐந்தாம் கமேஹமேஹா 1865இல் ஏற்படுத்திய கமேஹமேஹா அரச சங்கம் அந்த வருடங்களில் வெளியே தலைகாட்ட முடியாமல் மறைவாகக் கூட வேண்டியிருந்தது. 1903இல் அதை மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் இளவரசர் கூஹியோ. ராணியைத் திரும்ப ஆட்சியில் வைக்க 1895இல் நடந்த கலகத்தில் சேர்ந்து சிறைக்குப் போனவர், பிறகு வாஷிங்டனில் ஹவாயின் பிரதிநிதியாக உட்கார்ந்தவர். பெண்களின் காஅஹுமானு சங்கமும் அதே காலத்தில்தான் மீண்டும் தலையெடுத்தது. கொடி இறங்கிவிட்டது, அரண்மனை அரசாங்க அலுவலகமாகிவிட்டது. அரச வம்சத்தைச் சேர்ந்தவர்களும் அவர்களை மதித்தவர்களும் தங்கள் அணிகலன்களோடு நடுத்தெருவில், யாரும் தடுக்க முடியாமல், நடந்துபோக ஒரு நாள் மிச்சமிருந்தது என்றால் அது இதுதான். 1959இல் ஹவாய் மாநிலமானபோதும் விடுமுறைப் பட்டியலில் இந்த நாளை விடாமல் வைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் ஒரு ராஜாவுக்காக அரசு விடுமுறை விடும் மாநிலம் வேறு கிடையாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஊர்வலத்தைப் பார்த்தால் அதன் வரிசை புரியும். ஹோனலூலு ஊர்வலம் ஜூன் 11ஐ ஒட்டிய சனிக்கிழமை காலையில் இயோலானி அரண்மனைப் பக்கத்திலிருந்து கிளம்பி, சாலைக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் கமேஹமேஹா சிலையைத் தாண்டி, வைகீகி வழியாகக் கபியோலானி பூங்காவில் போய் முடியும். லிலியுவோகலானியைச் சிறைவைத்தது அந்த அரண்மனையின் மாடி அறையில். முடிகிற பூங்காவோ 1877இல் இதே ஜூன் 11 அன்று குதிரைப் பந்தயத்தோடு திறந்தது. நடுவில் வருவதுதான் நட்சத்திர ஹோட்டல்களும் பிராண்ட் கடைகளும். அரச சங்கத்து ஆண்கள் சிவப்பும் மஞ்சளுமான மேலங்கியில் வருவார்கள். காஅஹுமானு சங்கத்துப் பெண்கள் கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு அங்கி, மேலே மஞ்சள் இறகு மாலை. அவர்கள் கையசைப்பதும் குறைவு, சிரிப்பதும் குறைவு. செல்போனை உயர்த்திக்கொண்டு நிற்கிற கூட்டம் அந்த இடத்தில் தானாகக் கொஞ்சம் அடங்கும்.

அப்புறம் பாஊ சவாரி. எனக்குக் கேட்டால் இந்த ஊர்வலத்தின் உயிர் அதுதான். 1803இல் குதிரை முதன்முதலாகத் தீவுகளில் இறங்கிய பிறகு ஹவாய்ப் பெண்கள் ஆண்களைப் போலவே இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து ஓட்டினார்கள். விருந்துக்குப் போகும்போது நல்ல உடை புழுதியாகாமல் இருக்க மேலே ஒரு நீளத் துணியைச் சுற்றிக்கொண்டார்கள். அதுதான் இன்று அலங்காரமாகியிருக்கிறது. ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ 12 கஜம் சாட்டின் துணி, நம் பாட்டிகளின் மடிசாரைவிட மூன்று கஜம் கூடுதல். தைப்பதில்லை. அவள் அசையாமல் நிற்க, உதவியாள் மடிப்பு வைத்துச் சுற்றிக்கொண்டே வந்து, இடுப்பில் குக்குய் என்ற மரத்தின் கொட்டையை உள்ளே வைத்துத் துணியோடு முறுக்கிச் செருகிவிடுவார். கொட்டைதான் பிடிமானம். அப்படியே சேணத்தில் ஏறி உட்கார்ந்ததும் துணி இரண்டு பக்கமும் பாதம் மறைய வழியும். மைல் கணக்கில் குதிரை நடந்தாலும் அவிழக் கூடாது. அவிழ்ந்தால் சுற்றிவிட்டவருக்குத்தான் கெட்ட பெயர்.

முதலில் ஒரு ராணி வருவார், பின்னால் எட்டு முக்கியத் தீவுகளுக்கு எட்டு இளவரசிகள், ஒவ்வொருவருக்கும் பரிவாரம். தீவுக்கு ஒரு நிறம், ஒரு மலர். ஹவாய்ப் பெருந்தீவுக்குச் சிவப்பும் லெஹுவாப் பூவும், மாவிக்கு இளஞ்சிவப்பும் ரோஜாவும், ஓவாஹுவுக்கு மஞ்சளும் இலிமாவும், மோலோகாய்க்குப் பச்சையும் குக்குய் இலையும். கவாயி ஊதா, ஆனால் பூ இல்லை, மோகிஹானா என்ற வாசனைக் காய். லானாய் ஆரஞ்சு, கடலோரம் படரும் ஒட்டுண்ணிக் கொடி. நீஹாவ் வெள்ளை, அதற்குக் கோர்ப்பது பொடிச் சிப்பி. ஆள் குடியிருப்பே இல்லாத, அமெரிக்கக் கடற்படை பல பத்தாண்டுகள் குண்டுபோட்டுப் பழகிய கஹோலாவே தீவுக்கும் சாம்பல் நிறத்தில் ஓர் இளவரசி உண்டு. என்னோடு நிற்கும் உள்ளூர்ப் பெரியவர்கள் அவளுக்குத்தான் அதிகமாகக் கைதட்டுவார்கள்.

அவளுக்கு அடுத்தபடி கைதட்டு வாங்குகிறவர்கள் யார் தெரியுமா? ஒவ்வொரு குதிரைக் குழுவுக்கும் பின்னால் வண்டியும் மண்வாரியுமாகச் சாணம் அள்ளிக்கொண்டு வருபவர்கள். அவர்களும் அதே நிறத்தில் உடுத்தி, வண்டிக்கும் பூ சுற்றியிருப்பார்கள். குதிரை நின்று வாலைத் தூக்கினால் போதும், தெரு முழுக்கச் சத்தம் எழும். ஒரே அள்ளில் முடித்துவிட்டு மேடை நடிகர் மாதிரிக் குனிந்து வணக்கம் வைப்பார்கள்.

பூவைப் பற்றி ஒரு இடைச்செருகல். சிலைக்குப் போடும் நீள மாலைகளில் பெரும்பாலும் ப்ளூமேரியா, அதாவது நம் ஈழத்தலரி. அது தீவின் சொந்தப் பூ இல்லை, 19ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. பெண்கள் கழுத்தில் சரம் சரமாகத் தொங்கும் பிகாகே என்பது வேறொன்றுமில்லை, நம் குண்டு மல்லி. இன்னொன்று பார்த்ததும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் திகைப்பார்கள்: எருக்கம்பூ மாலை. பிள்ளையாருக்கு நாம் போடும் அதே எருக்கு, இங்கே லிலியுவோகலானி ராணிக்கு மிகவும் பிடித்த பூ என்பதால் அரச மரியாதையோடு கட்டுகிறார்கள். பூவின் நடுவில் கிரீடம் போல நிற்கும் பகுதியை மட்டும் எடுத்துக் கோர்ப்பதும் உண்டு.

சிலைக்கு வருவோம். ஹோனலூலுவில் எல்லோரும் படம் எடுக்கும் அந்தக் கறுப்பும் பொன்னுமான சிலை உண்மையில் இரண்டாவதாக வார்த்த பிரதி. ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக் தீவுகளுக்கு வந்த 1778க்கு நூறாண்டு நிறைவதை ஒட்டி, வால்டர் மர்ரே கிப்சன் என்ற அரசியல்வாதி 1878இல் சிலைக்கு ஏற்பாடு செய்தார். தாமஸ் கோல்ட் என்ற அமெரிக்கச் சிற்பி இத்தாலியின் ஃப்ளாரன்ஸில் செய்தார், பாரிஸில் வெண்கலத்தில் வார்த்தார்கள். 1880இல் கப்பல் ஃபாக்லாந்து தீவுகள் பக்கம் மூழ்கிவிட்டது. காப்பீட்டுப் பணத்தில் இரண்டாவதை வார்த்து, 1883 பிப்ரவரி 14 அன்று கலாகவுவா மன்னர் தன் முடிசூட்டு விழாக்களின் நடுவே திறந்துவைத்தார். இதற்கிடையே மூழ்கிய சிலையைக் கடலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு கப்பல் கேப்டன் அதை 500 டாலருக்கு வாங்கி, ஹோனலூலுவுக்குக் கொண்டுவந்து கிப்சனிடம் 875 டாலருக்கு விற்றார். சேதத்தைச் சரிசெய்து, பெருந்தீவில் ராஜா பிறந்த கோஹாலா பகுதிக்கே அனுப்பினார்கள். அதுதான் மூலச் சிலை. இன்று கபாவ் என்ற சின்ன ஊரில் பழைய நீதிமன்றக் கட்டடத்தின் முன்னால் நிற்கிறது.

கோஹாலாக்காரர்கள் அதற்கு வர்ணம் அடித்திருக்கிறார்கள். தோலுக்குப் பழுப்பு, மேலங்கிக்கு மஞ்சள், கச்சைக்குச் சிவப்பு, கண்ணுக்குக் கறுப்பு விழியும் வெள்ளையும். வெண்கலச் சிலையைப் பாதுகாக்கும் தொழில்காரர்கள் இதைப் பார்த்தால் நெஞ்சில் கைவைப்பார்கள். சிற்பி விட்டுச்சென்ற உலோக மேற்பரப்புக்குத் திருப்பிக் கொண்டுபோவதுதான் அவர்கள் பாடம். 1990களின் கடைசியில் பராமரிப்பு வேலை வந்தபோது இந்தக் கேள்வி ஊர் முன்னால் வைக்கப்பட்டது. ஊரார் கூடிப் பேசி, வர்ணமே இருக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். 2001 வாக்கில் புது வர்ணத்தோடு வேலை முடிந்தது. சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். தங்கத்தில் பார்த்தால் நினைவுச்சின்னம், வர்ணத்தில் பார்த்தால் ஊர்க்காரர்.

முகம் அவருடையதா? இல்லை. அவரை நேரில் பார்த்து வரைந்த படங்களில் பேர்போனது 1816இல் ரஷ்யக் கப்பலில் வந்த லூயி சோரிஸ் தீட்டியது. அதில் இருப்பது வெள்ளைச் சட்டையும் சிவப்பு உள்ளங்கியும் போட்ட, முகத்தில் சுருக்கம் விழுந்த முதியவர். சிலையில் இருப்பதோ நடுவயது வீரர், நிற்பது ரோமானியச் சக்கரவர்த்தி அகஸ்டஸின் தோரணை. ஆனால் மஞ்சள் மேலங்கி கற்பனை இல்லை. மாமோ என்ற பறவையின் இறகால் செய்த அவருடைய அங்கி ஹோனலூலு பிஷப் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஏறத்தாழ 4,50,000 இறகுகள் என்று கணக்கிடுகிறார்கள். அந்தப் பறவை இனம் இன்று இல்லை.

ஹோனலூலு சிலையின் பீடத்தைச் சுற்றி நான்கு வெண்கலப் பலகைகள் உண்டு, பெரும்பாலோர் பார்க்காமல் போகிறார்கள். ஒன்றில் வழியோரத்தில் முதியவர்களும் குழந்தைகளும் பயமில்லாமல் படுத்திருப்பார்கள். அதன் பின்னால் ஒரு கதை: கமேஹமேஹா இளவயதில் புனா கடற்கரையில் மீனவர்களைத் துரத்தியபோது அவர் கால் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. ஒரு மீனவர் துடுப்பால் தலையில் அடித்ததில் துடுப்பே சிதறியது. பிற்பாடு அவர்களைப் பிடித்துவந்து நிறுத்தியபோது, முதலில் வம்புக்குப் போனது நான்தான் என்று விட்டுவிட்டு, வழியில் படுத்திருக்கும் முதியவரையும் குழந்தையையும் யாரும் தொடக் கூடாது என்று சட்டம் போட்டார். 1797 என்கிறார்கள். கதையின் விவரங்கள் சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். சட்டம் உண்மை, இன்றைய மாநில அரசமைப்பின் 9ஆம் பிரிவில் பொதுமக்கள் பாதுகாப்பு பற்றிய இடத்தில் பெயரோடு இருக்கிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு எட்டுத் தீவும் ஒரே மனதாக அவரைக் கும்பிடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். தீவுகளை அவர் சமாதானம் பேசி மட்டும் சேர்க்கவில்லை. 1790இல் மாவித் தீவின் இயாவோ பள்ளத்தாக்கில் பிணங்கள் ஓடையை அடைத்தன என்கிறார்கள். 1795இல் நூஅனு போரில் ஓவாஹு வீரர்களைச் செங்குத்தான மலைவிளிம்புக்குத் தள்ளிக்கொண்டுபோனார். ஒரு நூற்றாண்டு கழித்து அங்கே சாலை போட்டபோது அடிவாரத்தில் நூற்றுக்கணக்கான மண்டையோடுகள் கிடைத்தன. கவாயியை மட்டும் அவரால் போரில் பிடிக்க முடியவில்லை. 1796இல் புயல் படகுகளைத் திருப்பியது, 1804இல் கொள்ளைநோய் படையையே சாய்த்தது. 1810இல் கவாயி அரசர் கவுமுவாலீயி பேசித்தான் அவரை மேலரசராக ஏற்றுக்கொண்டார். கவாயிக்காரர்கள் இதை மறக்கவில்லை. 1960களில் அந்தத் தீவின் ஒரு உல்லாச விடுதிக்காகச் செய்த கமேஹமேஹா சிலையை அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள், எங்களை ஜெயிக்காதவருக்கு இங்கே எதற்குச் சிலை என்று. அது கிடங்கில் கிடந்து, 1997இல் ஹீலோ நகரத்துப் பூங்காவில் எழுந்தது. இத்தனைக்கும் ஜூன் மாதத்தில் கவாயியின் லீஹுவே நகரிலும் ஊர்வலம் நடப்பதுண்டு. சிலை வேண்டாம், விழா வேண்டும். அவர்களுக்கு இது அந்த ஒரு மனிதரைவிட, ஹவாய் ஒரு நாடாக இருந்தது என்பதைப் பற்றிய விழா.

சுற்றுலா வாடையே இல்லையா என்றால் இருக்கிறது. பாதை வைகீகி வழியாகப் போவதே அதற்குச் சாட்சி. பூவண்டிகளில் நிறுவனங்களின் பெயர் தெரியும், கவுன்சிலர்கள் திறந்த காரில் கையசைத்துப் போவார்கள். ஆனால் டிக்கெட் கிடையாது, நடப்பவர்கள் சம்பளத்துக்கு நடக்கவில்லை. குதிரையைச் சொந்தச் செலவில் பழக்கி, பூவை இரவெல்லாம் உட்கார்ந்து கோர்த்து வருபவர்கள் அவர்கள். பணம் வாங்கிக்கொண்டு ஆடும் ஹோட்டல் மேடை நடனத்தோடு இதைச் சேர்க்காதீர்கள்.

கடைசியாக, எங்கே போவது. ஹோனலூலுவில் தங்குவதாக இருந்தால், ஊர்வலத்தைவிட அதற்கு முந்தைய நாள்களில் நடக்கும் மாலை சாத்தும் நிகழ்ச்சியைத் தவறவிடாதீர்கள். வழக்கமாக வெள்ளிக்கிழமை பிற்பகல். சங்கு முழங்கும், ஓதுவார்கள், தீயணைப்பு வண்டியின் ஏணியில் ஏறி, நீட்டிய கையிலும் கழுத்திலும் ஒவ்வொன்றாகத் தொங்கவிடுவார்கள். ஊர்வலத்துக்கு அரண்மனைப் பக்கமே நில்லுங்கள், வைகீகியில் வெயிலும் நெரிசலும் அதிகம். மாவியின் லஹைனாவிலும் ஊர்வலம் பேர்போனது, ஆனால் அது போகும் ஃப்ரன்ட் தெரு 2023 ஆகஸ்ட் தீயில் எரிந்துவிட்டது. அங்கே போக நினைத்தால் அந்த வருட ஏற்பாட்டை விசாரித்துக்கொண்டு போங்கள்.

பெருந்தீவுக்குப் போக முடிந்தால் என் ஓட்டு கோஹாலாவுக்குத்தான். அங்கே சனிக்கிழமைக்குத் தள்ளாமல் ஜூன் 11 அன்றே வைப்பார்கள். காலையில் வர்ணச் சிலைக்கு மாலை, பிறகு ஹாவியிலிருந்து கபாவ் வரை ஊர்வலம், பிறகு பூங்காவில் சாப்பாடும் பாட்டும். இலையில் கட்டி வேகவைத்த லாவ்லாவ் பெரும்பாலும் பன்றி இறைச்சி, சைவக்காரர்கள் பொயி என்ற சேப்பங்கிழங்குக் கூழும் பழமும் ஷேவ் ஐஸும் வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான். கோனா பக்கம் தங்கினால் விடியற்காலை கிளம்பிவிடுங்கள், ஊர்வல நேரத்தில் சாலை அடைத்துவிடுவார்கள். இரண்டு குதிரைக் குழுக்களுக்கு நடுவே குறுக்கே ஓடாதீர்கள், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். யாராவது உங்கள் கழுத்தில் மாலை போட்டால் அவர் எதிரிலேயே கழற்றாதீர்கள், அது மரியாதைக் குறைவு. அறைக்கு வந்தபின் குப்பைத் தொட்டியில் போடாமல் நூலை அறுத்து எடுத்துவிட்டுப் பூவை ஒரு மரத்தடியில் போட்டுவிடுங்கள்.